துருவே இல்லாத ஆணி குத்தினாலும் டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) வேண்டுமா?

தோட்டக்காரி:
நேற்று தொழுவம் கூட்டும்போது ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. புத்தம்புது ஆணி. ரத்தம் இரண்டே சொட்டு. மஞ்சள் பற்றுப் போட்டேன். கடைசியாக ஊசி போட்டது பெரியவன் வயிற்றில் இருந்தபோது. அவனுக்கு இப்போது 12 வயது.

பழைய நர்ஸ்:
துரு கிடக்கட்டும் அம்மா, தொழுவம் என்றீர்களே, அதுதான் விஷயம். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்தாக வருஷக்கணக்கில் கிடக்கும். ஆக்சிஜன் எட்டாத ஆழமான துளைக்காயம்தான் அது முளைக்க வசதியான இடம். அதன் நச்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசையைத் தளர்த்தும் சைகையை அடைத்துவிடும். முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தெரியும். அழுக்குக் காயம் என்றால் 5 வருஷம் தாண்டியிருந்தாலே ஊசி போடணும். மஞ்சளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இன்றே போங்கள்.

தோட்டக்காரி:
நோய் வந்த பிறகு மருந்து இல்லையா?

பழைய நர்ஸ்:
இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் ஊசி, ஆனால் அது இன்னும் நரம்பில் ஒட்டாத நச்சைத்தான் பிடிக்கும். கிருமிக்கு மெட்ரோனிடசோல், இழுப்புக்கு டயசிபம், மூச்சுக்கு வென்டிலேட்டர். நான் பார்த்துக்கொண்ட ஒருவரை இருட்டறையில் வைத்திருந்தோம். டம்ளர் விழுந்த சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்தது. பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டுத்தான் அனுப்பினோம். இந்த நோய் ஒருமுறை வந்தால் எதிர்ப்புச் சக்தி வராது.

தோட்டக்காரி:
போட்டாச்சு அக்கா. இப்போது டிப்தீரியாவுக்கும் (தொண்டை அடைப்பான் நோய்) சேர்த்து ஒரே ஊசியாம். கால் பரவாயில்லை, கைதான் கனக்கிறது.