காலையில் எழுதும் டிஸ்சார்ஜ், மாலையில்தான் காலியாகும் படுக்கை: ஆலோசனை தேவை

200 படுக்கைகள் கொண்ட பொது மருத்துவமனை ஒன்றில் படுக்கை ஒதுக்கீட்டைக் கவனிக்கிறேன். வீடு திரும்பலாம் என்று மருத்துவர் காலை வார்டுச் சுற்றிலேயே எழுதிவிட்டாலும், படுக்கை காலியாக மாலை நான்கு மணி தாண்டிவிடுகிறது. அதுவரை, உள்நோயாளியாகச் சேர்க்க முடிவான அவசரப் பிரிவு நோயாளிகள் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆறு மாதங்களாக இந்நிலை நீடிக்கிறது. பொது மருத்துவ வார்டுகளில், அதுவும் திங்கட்கிழமைகளில், மிக மோசம். படுக்கைகள் 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பும் நாட்களில் காத்திருப்பு படிப்படியாகக் கூடாமல் ஒரேயடியாக எகிறுகிறது.

நண்பகலுக்குள் டிஸ்சார்ஜ் என்று இலக்கு வைத்தோம். சில வார்டுகள், முந்தைய மாலையே அனுப்பியிருக்கக்கூடியவரை மறுநாள் காலைவரை வைத்திருந்து கணக்கை அழகாக்கின (இலக்கு வைத்தால் இதுவும் சேர்ந்தே வரும் போலிருக்கிறது). சேர்க்கையின்போதே உத்தேச டிஸ்சார்ஜ் தேதியைக் குறித்தோம். பிறகு அதை யாரும் திருத்துவதில்லை. டிஸ்சார்ஜ் எழுதப்பட்டவர்கள் படுக்கையை விட்டு வந்து உட்காரக் காத்திருப்பு அறையும் திறந்தோம், நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே அது உதவியது.

ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் குறித்துப் பார்த்ததில், படுக்கையைத் துப்புரவு செய்யும் நேரம் மிகக் குறைவு. பயிற்சி மருத்துவர்கள் முழு வார்டுச் சுற்றையும் முடித்த பின்னரே டிஸ்சார்ஜ் சுருக்கம் (நோய், சிகிச்சை, தொடர வேண்டிய மருந்துகள் பற்றிய குறிப்பு) எழுத உட்காருவதும், அது வந்த பிறகுதான் மருந்தகமும், அதன் பின்னர் பில்லிங் பிரிவும் வேலையைத் தொடங்குவதும்தான் பெரும்பகுதியை விழுங்குகின்றன. மூன்றும் வெவ்வேறு தலைமையின் கீழ் இருப்பதால் முழு ஓட்டத்துக்கும் பொறுப்பாளர் எவருமில்லை. கூடுதல் பணியாளர்களுக்கு இப்போது அனுமதி கிடையாது.

இருக்கும் ஆட்களைக் கொண்டே சுருக்கத்தை முந்தைய நாளே தயாரிக்கும் முறையை நிலையாக நடத்திவருபவர்கள், அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தீர்கள்?