எழும்பூர் அரசு கருத்தரிப்பு மையத்தில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

எனக்கு 34 வயது, கணவருக்கு 38. திண்டுக்கல். கல்யாணமாகி எட்டு வருடம். எனக்கு ஏஎம்ஹெச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.9, அதாவது குறைவு; அவருக்கு விந்தணு எண்ணிக்கையும் வேகமும் குறைவு. கருக்குழாயில் அடைப்பு இல்லை.

முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை, அந்த வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன், விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ எல்லாம் பார்த்தாயிற்று. போன வருடம் மதுரையில் ஒரு தனியார் மையத்தில் இக்சி முறையில் (விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்துவது) ஐவிஎஃப் செய்தோம். கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை (பீட்டா ஹெச்சிஜி) நெகட்டிவ். உறைய வைக்கவும் கரு மிஞ்சவில்லை. பேக்கேஜ் என்று சொன்ன தொகையில் ஊசிகள் சேராது என்பது பாதியில்தான் தெரிந்தது. முட்டை வளரப் போடும் அந்த ஊசிக்கே நகை அடகுக்குப் போனது. எங்கள் இன்சூரன்ஸில் குழந்தையின்மைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது (பல பாலிசிகளில் அப்படித்தான்). மறுபடி அவ்வளவு பணம் புரட்ட வழியில்லை.

குறை இருவரிடமும் இருந்தாலும் "ஏதாவது விசேஷமா?" என்ற கேள்வி என்னிடம் மட்டும்தான் வரும். ரிப்போர்ட் பேச்சை எடுத்தாலே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நாத்தனார் வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள். வளையல் போட மட்டும் கூப்பிடவில்லை. சரி, அதை விடுங்கள்.

நாட்டு மருந்து, பரிகாரம் எல்லாம் முடித்துவிட்டோம், அந்த ஆலோசனைகள் வேண்டாம். தத்தெடுப்பு பற்றி இப்போது இருவருமே யோசிக்கவில்லை.

சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் கருத்தரிப்பு மையத்தில் ஐவிஎஃப் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: ஊசி மருந்துகளை அங்கேயே கொடுத்தார்களா, இல்லை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததா?