ஃபைல் ஏத்தியாச்சு, சைட்டைத் திறந்தா 403

ஏற்காடு காப்பி:
காப்பித்தூள் கடைக்கு அஞ்சு பக்க சைட். டாட் காம் டொமைன் ஒரு இடம், ஹோஸ்டிங் வேற இடம். ஃபைல் ஏத்துற சாஃப்ட்வேர் ஃபைல்ஜில்லாவில் ஏத்தினேன். முகவரியை அடிச்சா 403, அதாவது ‘அனுமதி இல்லை’ன்னு வருது. பின்னாடி ‘கடை’ங்கிற ஃபோல்டர் பேரைச் சேர்த்தா திறக்குது, ஆனா பாதிப் படம் இல்லை. டொமைன் எந்த ஹோஸ்டிங்குக்குப் போகணும்னு காட்டுற நேம்சர்வரை மாத்தணுமா?

செவ்வாய்ப்பேட்டை:
தொடாதீங்க! பக்கம் திறக்குதுன்னா டொமைன் சரியான சர்வருக்குத்தான் போகுது. ஃபோல்டரோட இழுத்துப் போட்டிருக்கீங்க. முதல் பக்கமான இன்டெக்ஸ் ஃபைல், சர்வர்ல சைட்டுக்குன்னு இருக்கிற பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ள நேரா இருக்கணும். மறுபடி ஏத்த வேண்டாம். ஃபைல்ஜில்லாவோட வலப்பக்கம், சர்வர் பக்கமே, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரு படி மேல இழுங்க. அப்பவும் 403 வந்தா பெர்மிஷன், அதாவது யார் படிக்கலாம் யார் மாத்தலாம்ங்கிற எண்ணைப் பாருங்க: ஃபோல்டர் 755, ஃபைல் 644. யாராவது 777 போடச் சொன்னா கேக்காதீங்க, அது எல்லாருக்கும் மாத்துற உரிமை குடுத்துடும்.

அம்மாபேட்டை தறி:
படம் வராததுக்குக் காரணம் பேருங்க. கேமரா ஃபைல்ல ‘ஜேபிஜி’ பெரிய எழுத்துல இருக்கும், கோடுல சின்ன எழுத்துல அடிச்சிருப்பீங்க. விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் சர்வருக்கு ரெண்டும் வேற வேற ஃபைல். எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல இடைவெளி கூடாது.

செவ்வாய்ப்பேட்டை:
இன்னொண்ணு. டொமைன் வாங்கினதும் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிங்க் வந்திருக்கும். 15 நாளுக்குள்ள அழுத்தலைன்னா டொமைனை நிறுத்திடுவாங்க. ஸ்பாம்லயும் தேடுங்க.

ஏற்காடு காப்பி:
மேல இழுத்ததும் வந்துடுச்சுங்க. படப் பேரெல்லாம் மாத்திட்டிருக்கேன். லிங்க் ஸ்பாம்லதான் கிடந்துச்சு.