ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒட்டிய எண்: சிறுதொழிலுக்குத் தொலைபேசி வைத்துக்கொண்ட அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையம், மோட்டார் காயில் கட்டும் பட்டறை

அப்பா காலத்திலிருந்து எங்கள் பட்டறைக்கு 04285 என்று தொடங்கும் தரைவழித் தொலைபேசி ஒன்றுதான் அடையாளம். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொண்டுபோய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு வரும்போது, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் அந்த எண் அச்சிட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வருவது அப்பாவின் வழக்கம். விவசாயிக்கு எங்கள் நினைப்பு வருவது மோட்டார் நின்றுபோன நாளில் மட்டும்தான். அன்றைக்கு அவர் முதலில் திறந்து பார்ப்பதும் அந்தப் பெட்டியைத்தான். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, காலண்டர் ஆகிய எல்லாவற்றையும்விட அந்த ஸ்டிக்கர்தான் எங்களுக்குச் சோறு போட்டது என்று சொல்லலாம்.

சாலையை அகலப்படுத்தக் குழி தோண்டியபோது கேபிள் அறுந்துபோனது. கையில் செல்போன் இருந்ததால் எங்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. புகார் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டோம். ஒருநாள் காலையில் நம்பியூர்ப் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் மொபெட்டில் வந்து வாசலில் நின்றார். "ஏனுங் தம்பி, மூணு நாளாப் போடறனுங்க, போனே போக மாட்டீங்குது. வேற கடைக்குக் கொண்டு போலாம்னு பையன் சொல்றானுங்க. கடை இருக்குதா இல்லையான்னு பாத்துட்டு வந்தர்றேன்னு நாந்தான் வந்தனுங்க" என்றார். அவருடைய மஞ்சள் காடு அந்த மூன்று நாளும் தண்ணீர் பாயாமல் கிடந்திருக்கிறது. அவர் வந்துவிட்டார், பையன் பேச்சைக் கேட்டு வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

இப்போது என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தரைவழி எண்ணை அப்படியே செல்போனுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரித்தேன். செல்போன் எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருந்தாலும், தரைவழி எண்ணைச் செல்போன் எண்ணாக மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறுதொழில் செய்பவர்கள் எந்த மாதிரி எண் வைத்திருக்கிறீர்கள், அதில் என்ன பட்டிருக்கிறீர்கள் என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்பூர், பனியன் பிரிண்டிங் ஜாப் ஒர்க்

எந்த எண் என்று பார்ப்பதற்கு முன்னால் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் விட்டதால் வந்த வினையைச் சொல்கிறேன்.

யூனிட் தொடங்கிய வருடம் ஆர்டர் பிடிக்கவும் டெலிவரி பார்க்கவும் ஒரு பையனை வைத்திருந்தேன். கடைக்குத் தனியாக ஒரு சிம் வேண்டும் என்றபோது, நான் சரக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்ததால் அவனையே அனுப்பினேன்; அவன் தன்னுடைய ஆதாரைக் கொடுத்துத் தன் பெயரில் வாங்கி வந்தான். ரீசார்ஜ் செய்தது நான், பில் புத்தகத்தில் அச்சடித்தது நான், டெலிவரி வேனில் எழுதியது நான். ஆறு வருடம் கழித்து அவன் தனியாக யூனிட் போட்டபோது அந்த சிம்மையும் எடுத்துக்கொண்டு போனான். பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். தொழில் தெரிந்தவன் தனியாகப் போவது திருப்பூரில் தினமும் நடப்பதுதான். ஆனால் தீபாவளி சீசனில் என்னுடைய பழைய பார்ட்டிகள் என் எண்ணென்று நினைத்துப் போட்ட அழைப்பையெல்லாம் அவன்தான் எடுத்தான்.

எண் அவன் பெயரில் இருக்கும்வரை உரிமையும் அவனுடையதே. அவன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஒழிய என் பெயருக்கு மாறாது. வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால், அந்த மாற்றத்தைக் கேட்டு 1900க்கு அனுப்பவேண்டிய குறுஞ்செய்தியே அந்த சிம்மிலிருந்துதான் போக வேண்டும். இப்போது கடை எண்ணை நிறுவனத்தின் பெயரிலேயே எடுத்துவிட்டேன். ஜிஎஸ்டி சான்றும், எண்ணைப் பயன்படுத்தப்போகிறவரின் அடையாள ஆவணமும் கேட்டார்கள். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் உரிமையாளரின் சொந்தப் பெயரிலாவது இருக்கட்டும். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை ஓடுகின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்தபோது எனக்கே மறந்துபோன ஒரு டாங்கிள் சிம் அதில் இருந்தது.

திருச்செங்கோடு, போர்வெல் வண்டி

எங்கள் தொழிலில் எண் வண்டியோடு ஊர் ஊராகப் போகும். ரிக் வண்டியின் பக்கவாட்டில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, வேறு மாநிலத்தில் எங்கோ பக்கத்துக் காட்டில் நிற்பவர் கூப்பிடுவார். அதனால் பெயின்ட் அடித்த எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றியதில்லை. நிறுவனத்தைத்தான் இரண்டு முறை மாற்றினோம். ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். மாதக்கணக்கில் பேசாமல், ரீசார்ஜும் செய்யாமல் போட்டு வைக்கும் ப்ரீபெய்டு எண்ணைத் துண்டித்துப் பின்னால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் இரண்டாவது எண் அப்படித்தான் போனது. இன்று அதைக் கூப்பிட்டால் யாரோ ஒரு அம்மா எடுத்து, "இது போர் போடற எடம் இல்லீங்க" என்கிறார். அவருக்கு எங்களால் எவ்வளவு தொந்தரவோ தெரியவில்லை.

கோயம்புத்தூர், ரத்தப் பரிசோதனை நிலையம்

விர்ச்சுவல் எண் பற்றி யாராவது உங்களிடம் வந்து பேசுவார்கள், எங்களிடமும் பேசினார்கள். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு முதலில் வரவேற்பில் இருப்பவருக்கு, அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு, அவரும் எடுக்காவிட்டால் எனக்கு என்று வரிசையாகப் போகும். தவறிய அழைப்புகளின் பட்டியல் கணினியில் இருக்கும், பேசியதும் பதிவாகும். இவையெல்லாம் உண்மையாகவே பயனுள்ளவை. மாத வாடகை கட்டுபடியாகிறதா என்பதை உங்களுக்கு வரும் அழைப்புகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாங்கள் தவறு செய்தது அதில் வைத்த குரல் அறிவிப்பில். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும், ரிப்போர்ட் பெற மூன்றை அழுத்தவும்" என்று நீளமாக வைத்திருந்தோம். சர்க்கரைக்கு வழக்கமாக ரத்தம் கொடுக்க வரும் ஒரு பாட்டியம்மா நேரிலேயே வந்து கேட்டார்: "ஏஞ்சாமி, உங்க போன்ல ஒரு பொம்பளப்புள்ள பேசிட்டே இருக்குது, நாம் பேசறதக் கேக்கவே மாட்டீங்குதே?" பட்டியலைப் பார்த்தால், அறிவிப்பு முடிவதற்குள்ளேயே துண்டித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அன்றே அதை எடுத்துவிட்டு, வணக்கம் என்று ஒரு வரியோடு நேராக மணி அடிக்கும்படி மாற்றினோம்.

1800 எண்ணையும் விசாரித்தோம். கூப்பிடுபவருக்குச் செலவில்லை, அதற்கான கட்டணம் நம் தலையில் விழும். எல்லோரிடமும் அளவில்லாமல் பேசும் பேக் இருக்கிற காலத்தில் உள்ளூர்க் கடைக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டோம். நாலு பேர் வேலை செய்யும் மோட்டார் பட்டறைக்கு விர்ச்சுவல் எண்ணும் வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

ஈரோடு, வீட்டிலிருந்து புடவை, நைட்டி வியாபாரம்

நான் என் சொந்த எண்ணிலேயே தொடங்கினேன். முதல் மூன்று மாதம் மகிழ்ச்சியாக இருந்தது. அதன்பிறகு இரவு பதினொன்றரைக்கு "இந்த டிசைன்ல நீலம் இருக்கா" என்று செய்தி வரத் தொடங்கியது. புடவை கேட்காதவர்களின் செய்திகளும் வந்தன என்பதைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் ப்ரொஃபைல் படத்தில் குழந்தைகள் இருந்தார்கள். நான் வைக்கும் ஸ்டேட்டஸை முகம் தெரியாத முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர், "தொழிலுக்குன்னு வேற நம்பர் வாங்கிக்க, இத இப்படியே விட்டா வீடே கடையாயிரும்" என்றார்.

தனி எண் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டேன். ஒரே எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பையும் பிசினஸையும் சேர்த்து வைக்க முடியாது என்பதால் இரண்டும் தாமாகவே பிரிந்துவிட்டன. இரவு எட்டரைக்கு மேல் யார் செய்தி அனுப்பினாலும் காலையில் பதில் சொல்கிறேன் என்று அதுவே சொல்லிவிடும். அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. பணம் வந்தது, பார்சல் போட்டது, பாக்கி என்று லேபிள் போட்டுக்கொள்கிறேன். பட்டறைக்காரருக்கு ஒரு தகவல்: தரைவழி எண்ணிலும் வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கலாம். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்தியாகக் கேட்காமல், அழைப்பில் வந்து சொல்லும்படி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் தரைவழி இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, யுபிஐ எல்லாவற்றையும் அந்தத் தொழில் எண்ணிலேயே இணைத்து வைத்திருந்தேன். பார்சல் கட்ட வரும் பெண்ணிடம் அந்த போனைக் கொடுத்துவிட்டு ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, வாடிக்கையாளர் போலப் பேசிய ஒருவன், "உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு தவறுதலா வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறான், அவளும் சொல்லிவிட்டாள். போனது வாட்ஸ்அப் கணக்கு மட்டும்தான், அதுவும் மறுநாள் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு நாளில் என் பெயரைச் சொல்லிப் பதினொரு பேரிடம் பணம் கேட்டிருக்கிறான். அவன் கேட்டது வங்கி ஓடிபியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, அதற்கான ரகசிய எண்ணை (PIN) அவளிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இதுவே நடந்திருக்காது. இப்போது ஓடிபி வரும் சிம் பழைய பட்டன் போன் ஒன்றில் பீரோவுக்குள் இருக்கிறது. அந்த எண்ணை நான் எந்த வாடிக்கையாளருக்கும் கொடுத்ததில்லை.

கோபிசெட்டிபாளையம், மோட்டார் காயில் கட்டும் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பழைய தரைவழி எண்ணை ஃபைபர் இணைப்பில் கேட்டு வாங்கினேன், எண் மாறவில்லை. இதில் நான் எதிர்பாராத குறை ஒன்று இருந்தது. செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வந்துகொண்டிருந்ததால், ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். ஃபைபரில் நம் இடத்தில் வைக்கும் மோடம் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் செத்துவிடுகிறது. மின்வெட்டும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள நாளில்தான் மோட்டார் எரியும், எங்களுக்கும் அழைப்பு வரும். ஆகவே அந்தப் பெட்டியை இன்வெர்ட்டரில் இணைத்தேன். பட்டறையில் ஆள் இல்லாத நேரத்தில் அழைப்பு புதிய செல்போனுக்குப் போகும்படி மாற்றியும் வைத்தேன்.

அந்தச் செல்போன் என் பெயரில் வாங்கியது. பட்டன் போன்தான். காயில் சுற்றும் மேசைக்கு மேலே, காலியான செம்புக் கம்பி ஸ்பூலை ஆணியில் மாட்டி அதற்குள் வைத்திருக்கிறோம். ஐந்தாம் எண் பொத்தானில் இப்போதே வார்னிஷ் ஒட்டி அழுத்தவே முடியவில்லை. யார் எடுத்தாலும் பக்கத்தில் தொங்கும் நோட்டில் ஊர், எத்தனை எச்பி, கிணறா போரா, மோட்டாரை மேலே ஏற்றியாகிவிட்டதா என்ற நான்கையும் எழுத வேண்டும். யாரும் அந்த போனை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். இரவில் வரும் அழைப்பு என் சொந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். ஓடிபி எண்ணைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என்னைவிட அவர் கறாரானவர், நான் கேட்டாலே எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்.

புதிய ஸ்டிக்கரில் இரண்டு எண்களும் இருக்கின்றன. வேலைக்குப் போகும் தோட்டங்களில் பழைய மஞ்சள் ஸ்டிக்கரைப் பிய்க்காமல் அதன் கீழேயே ஒட்டிவிட்டு வருகிறோம். நம்பியூர்ப் பக்கம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அத்தாணிப் பக்கம் இனிமேல்தான் போக வேண்டும்.