பிறந்த குழந்தையின் வாயில் பெரியவர்கள் முதன்முதலில் தொட்டு வைக்கும் இனிப்புத் தண்ணீரை, சேனைத் தண்ணியை, கொட்டிவிட்டேன். அந்த அப்பத்தாவிடம் எப்படிப் பேசியிருக்க வேண்டும்?

தக்கலைப்பொண்ணு:

எனக்குச் சொந்த ஊர் தக்கலைப் பக்கம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை.

காலை டூட்டி. விடியற்காலையில் சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.8 கிலோ. உசிலம்பட்டி தாண்டி ஒரு கிராமத்திலிருந்து குழந்தையின் அப்பத்தா முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். நான் வார்டுக்குள் போனபோது, முந்தானை முடிச்சிலிருந்து கல்கண்டை எடுத்து டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். ஆட்காட்டி விரலை அதில் தொட்டுக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனார். நான் ஓடிப்போய் டம்ளரைப் பிடுங்கி வாஷ்பேசினில் கொட்டிவிட்டேன். "என்னத்தைக் கொடுக்கிறீங்க?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நனைந்த விரலை மடக்காமல் அப்படியே நின்றார்.

சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். 48 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டிய தாயும் குழந்தையும்.

மறைக்காமல் சொல்கிறேன். என் அக்கா குழந்தைக்குப் பிறந்த பத்தாம் நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. டம்ளரைப் பார்த்ததும் அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர், பெண் குழந்தை, இரண்டும் சேர்ந்ததும் கள்ளிப்பால் கொடுத்துப் பெண் குழந்தைகளைக் கொன்றதாகப் படித்ததெல்லாம் ஒரு நொடி மனதில் ஓடியது. சேனை என்ற வார்த்தையே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவரிடம் எப்படிப் பேசியிருக்க வேண்டும்?

செக்கானூரணி மருமகள்:

தங்கச்சி, கூச்சப்பட்டாலும் அதைச் சொன்னீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். 1980களில் பத்திரிகையில் வந்ததை வைத்து இன்றைக்கும் எங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள். நடந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் மகள் பிறந்தபோது ஒரு நர்ஸ் என் மாமியாரை வார்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். ஏன் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சேனை வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் நல்ல பேர் எடுத்தவரைத் தேடிப்பிடித்து வைக்கச் சொல்வோம். அந்த அப்பத்தா பேத்திக்குச் சேனை வைக்க முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பிள்ளை வேண்டும் என்றுதானே வந்திருக்கிறார்!

மேலூர் பழைய சிஸ்டர்:

31 வருடம் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவள். நானும் ஆரம்பத்தில் கத்தியிருக்கிறேன் அம்மா. கத்தினால் சேனை நிற்காது. நம் கண்ணுக்கு மறைவாக, கை கழுவாமல், பாத்ரூம் ஓரத்தில் வைத்துக் கொடுப்பார்கள்.

பிறகு நான் வேறு வழிக்கு வந்தேன். வலியோடு அட்மிஷன் ஆகும்போதே கூட வந்தவர்களிடம் கேட்டுவிடுவேன், "பிள்ளைக்கு யார் சேனை வைக்கப் போறீங்க?" என்று. கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். இந்தப் பொம்பளைக்கு நம்ம வழக்கம் தெரியுது என்று பக்கத்தில் வந்து உட்காருவார்கள். யார், ஏன் அவர், எல்லாம் கதையாக வரும். அதைக் கேட்டு முடித்த பிறகுதான் என் பேச்சை எடுப்பேன்: "நீங்களே வைங்க ஆத்தா. ஆனா தண்ணிக்குப் பதிலா தாயோட முதல் பாலு, சீம்பாலை வைங்க."

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டுவிடுவோம். அப்புறம் சங்கைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் தாயிடமிருந்து கொஞ்சம் சீம்பாலைப் பிழிந்து எடுப்பேன். பெரியவரைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொல்லி, சங்கை அவர் கையில் கொடுப்பேன். சில சொட்டு, மெதுவாக. முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வதே ஒரு டீஸ்பூன் அளவுதான். சீம்பால் மஞ்சளாக இருக்கிறது, கெட்ட பால் என்று பிழிந்து கொட்டச் சொன்ன பாட்டிகளே, தன் கையால் கொடுத்த பிறகு "எம் பேத்திக்கு நான் வச்ச சேனை" என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதே. தேன்தான் வைப்பேன் என்று நின்றவரிடம் முடியாது என்றே சொன்னேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வர வாய்ப்பு உண்டு, அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. அதையும் ஸ்டூலில் உட்காரவைத்துத்தான் சொன்னேன்.

உன் அக்கா குழந்தையை நினைத்துப் பயந்தது தப்பில்லை. அந்தப் பயத்தை அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவரும் கேட்டிருப்பார். பேரப்பிள்ளைக்குச் சீக்கு வரும் என்றால் எந்த அப்பத்தா கொடுப்பார்?

நர்சிங் டீச்சர்:

சிஸ்டர் சொன்னதுக்கு எங்கள் பாடத்தில் பெயர் உண்டு. மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்க நர்ஸ், நோயாளியின் பண்பாட்டை அறிந்து பராமரிப்பதைத் தனித் துறையாகவே வளர்த்தவர். கெடுதல் இல்லாத வழக்கத்தைக் காப்பாற்று, சிலவற்றில் இரு பக்கமும் ஒத்துப்போகும் வழி தேடு, கெடுதலானதை அவர்களோடு சேர்ந்தே மாற்று என்பார். பரீட்சைக்கு இந்த மூன்றையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். சங்கை யார் கையில் கொடுப்பது என்று நான் இதுவரை வகுப்பில் சொன்னதில்லை. அடுத்த வாரம் சொல்லப் போகிறேன்.

தக்கலைப்பொண்ணு:

மூன்று பேருக்கும் நன்றி. செக்கானூரணி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன்.

இன்று அந்தக் கிராமத்துச் சுகாதார செவிலியரிடம் போனில் பேசினேன். நேற்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தாராம். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, மஞ்சள் காமாலை இல்லை. 45ஆம் நாள் ஊசிக்கு வரும்போது அப்பத்தாவும் வருவாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அன்று லீவு போட்டுவிட்டு நானே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

மேலூர் சிஸ்டர், ஒரு சந்தேகம். சிசேரியன் ஆன தாய்க்கு மயக்க ஊசியின் அசதி இருக்கும்போது, நீங்கள் சீம்பாலை எப்படி எடுப்பீர்கள்?