'ஹம்' ஓசைக்குத் தமிழ்: முரல்வா, உறுமலா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம். அமெரிக்காவின் பழைய ஹேமண்ட் ஆர்கன் என்னும் மின் இசைக்கருவியோடு சேரும் லெஸ்லி 122 ஒலிபெருக்கிப் பெட்டியைப் பழுதுபார்க்கும் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். வேண்டாத ஓசை எல்லாவற்றையும் 'இரைச்சல்' என்று எழுதினால் பழுதைத் தேட முடியாது. சீறல், பொரிதல் இரண்டும் கிடைத்துவிட்டன. மின்சாரத்தால் விடாமல் தாழ்ந்து ஒலிக்கும் 'ஹம்' மட்டும் நிற்கிறது. அது 60 ஹெர்ட்ஸாக (நொடிக்கு 60 அதிர்வு) ஒலித்தால் எர்த் இணைப்பையோ, வால்வு என்னும் வெற்றிடக் குழாயைச் சூடாக்கும் இழைச்சுற்றையோ பார்க்கச் சொல்கிறார்கள். 120 என்றால் வடிகட்டும் மின்தேக்கி காய்ந்திருக்கலாம்.

தமிழாசிரியர் எழுதியது:
தேடவே வேண்டாம், 'முரல்வு' இருக்கிறது. வண்டு முரல்வதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 'இமிர்தல்' இன்னும் நுட்பமானது. 'வண்டிமிர்' என்னும் தொடர் நமக்குப் புதிதா? வண்டுக்கு 'ஞிமிறு' என்றொரு பெயர். அது எழுத்து இடம் மாறி 'மிஞிறு' ஆவதை இலக்கணப்போலிக்குக் காட்டுவோம். இமிர், ஞிமிறு இரண்டும் ஒரே ஒலிக்குறிப்பில் பிறந்தவை என்பது என் எண்ணம். 'மூசு வண்டறை பொய்கை' என்று அப்பர் பாடியதில் ஒலித்தல் என்னும் பொருளில் வரும் 'அறை'யையும்...

வானொலி பழுதுபார்ப்பவர் எழுதியது:
ஐயா, பொறுத்தருள்க. 'அறை' என்றால் வாசகர் சுவரையும் கன்னத்தையும்தான் நினைப்பார். வண்டையே விட்டுவிடுவோம். தேனீயின் சிறகு நொடிக்குச் சுமார் 230 முறை அடிக்கிறது. 60 ஹெர்ட்ஸ் அதற்கு மிகக் கீழே. அடிவயிற்றில் உணரும் ஓசைக்கு 'உறுமல்' பொருந்தும். உறுமி மேளத்தைக் கேட்டவருக்கு விளக்கம் தேவையில்லை. லெஸ்லி 122இல் '6550' என்னும் வகை வால்வுகள் இரண்டு எதிரெதிராக வேலை செய்கின்றன. இரண்டும் ஒத்திருந்தால் மின்வழங்கியிலிருந்து வரும் அலைவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்று தளர்ந்தால் 120 ஹெர்ட்ஸ் வெளியே கேட்கும். மின்தேக்கியை மாற்றிய பிறகும் உறுமினால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். 60, 120 என்பவை அமெரிக்க மின்சாரத்துக்கு உரியவை, நம் ஊர் மின்சாரத்தில் 50, 100 என்று ஓர் அடிக்குறிப்பும் வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் எழுதியது:
அதற்கு முன் ஒன்று. 'லெஸ்லி ஒலிபெருக்கி' என்றால் கூம்பும் உருளையும் சுழலும் பெட்டியா, அதற்குள் இருக்கும் 40 வாட் சுற்றா? அந்தச் சுற்றைப் 'பெருக்கி' என்று தனியே எழுதாவிட்டால் நூல் முழுவதும் குழப்பம்தான். 'ஹம்' என்பதற்கு என் வாக்கு 'ரீங்காரம்'. எல்லோருக்கும் விளங்கும்.

தமிழாசிரியர் எழுதியது:
விளங்குவதே அளவுகோல் என்றால் 'ஹம்' என்றே எழுதிவிடலாமே! இந்தக் குழுமம் எதற்கு?

வானொலி பழுதுபார்ப்பவர் எழுதியது:
பெருக்கியின் அடிப்பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் ஒரு கையால் பக்கம் புரட்டுவார். நானூறு வோல்ட்டுக்கு அருகில் உட்கார்ந்து அகராதி பார்க்க முடியாது, ஐயா. தூய்மையை நானும் மதிக்கிறேன். 'உறுமல்' தூய தமிழ்தானே?

தமிழாசிரியர் எழுதியது:
தமிழ்தான். ஆனால் புலி உறுமுவதில் கரகரப்பு உண்டு. நீங்கள் சொல்லும் ஓசை வழவழப்பானது. கரகரத்தால் அது வேறு பழுது என்று உங்கள் கையேடே பிரிக்குமே.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அந்தப் பிரிவு கையேட்டில் உண்மையாகவே இருக்கிறது. அதனால் கரகரப்பான ஓசைக்குக் 'கரகரப்பு' என்றே வைக்கிறேன். 'ஹம்' என்பதற்கு 'உறுமல்'. இதுவரை வந்த மடல்களில் நான்கு பேர் இதற்கு, இருவர் 'ரீங்காரம்', ஒருவர் 'முரல்வு'. 'பெருக்கி' தனிச்சொல்லாக நிற்கும். நேரமில்லை, இப்படியே அனுப்புகிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:
அனுப்புங்கள். சொல்லடைவில் 'உறுமல்' எதிரே 'முரல்வு' என்றும் சேருங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. எர்த் இணைப்புகள் வளையமாகிவிடும் 'கிரவுண்ட் லூப்' என்பதற்கு 'நிலவளையம்' என்று எழுதியிருப்பதைப் பற்றி நாளை தனி மடல் இடுகிறேன்.