பழைய வெயிட் ஸ்டாக் மெஷினில் சென்சார் மாட்டுவதா, மோட்டார் மெஷினே செய்வதா?

பட்டறை_641 கேட்டது:
நடுத்தர ஜிம்களுக்கு ஒரு தயாரிப்பு யோசனை. இரண்டு வழி தெரிகிறது.

ஒன்று, டோனல் என்ற வீட்டு உடற்பயிற்சி மெஷின் மாதிரி பிளேட்டே இல்லாமல் மோட்டாரால் இழுவிசை தரும் மெஷின். ஹோவர்போர்டு சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் இரண்டு, கைக்கு 50 கிலோ. இன்னொன்று, பிளேட்டுகளை அடுக்கிய (வெயிட் ஸ்டாக்) லாட் புல்டவுன், லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின்களில் மாட்டும் பெட்டி: எத்தனை கிலோ, எத்தனை ரெப், என்ன வேகம் என்று தானே குறித்துக்கொள்ளும். எடையைத் தேர்ந்தெடுக்க ஸ்டாக்கில் செருகும் பின்னின் தலையில் விஎல்53எல்1எக்ஸ் தூர சென்சாரை வைத்துத் தரையைப் பார்க்கவிட்டால், எந்த பிளேட், எவ்வளவு உயரம் இரண்டும் ஒன்றிலேயே கிடைக்கும் என்பது கணக்கு. எங்கே இடிக்கும்?

காயில்_கருப்பன்:
மோட்டார் வழியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். 50 கிலோ என்றால் 490 நியூட்டன். கேபிள் சுற்றும் டிரம்மின் ஆரம் 4 செ.மீ. என்றால் 19.6 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். அந்த மோட்டார்கள் சுமார் 16 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 16 சுற்று. ஆம்பியருக்கு அரை நியூட்டன் மீட்டர்தான் தரும். ஆக 38 ஆம்பியர், அதுவும் தொடர்ந்து. ஒருவர் பாதியில் நிறுத்திப் பிடித்தால் மோட்டார் சுழலாது, கரண்ட் முழுக்க அதே காயில்களில் நின்று அங்கேதான் கருகும்.

1:3 பெல்ட் போட்டால் 13 ஆம்பியருக்கு இறங்கும். அப்போது அடுத்த சிக்கல் வரும். ஆள் இழுக்கும்போது மோட்டார் ஜெனரேட்டர். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கைக்கு 245 வாட். இழப்பு போக மீதி பின்னால் வரும். சாதாரண எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) அதை வாங்காது. டிசி வோல்டேஜ் ஏறி, மோட்டாரை ஓட்டும் டிரைவ் டிரிப் ஆகும், கையில் இருந்த எடை அந்த நொடியே காணாமல் போகும். லாட் புல்டவுனில் அப்படி ஆனால் பார் நேராகத் தொடையில். அந்த மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் இல்லாமல் மேஜையில்கூட ஓட்டாதீர்கள்.

லோடுசெல்:
பின் தலை யோசனை அழகுதான், நிற்காது. அந்த சென்சாரின் பார்வைக் கோணம் 27 டிகிரி. ஒரு மீட்டரில் கிட்டத்தட்ட அரை மீட்டர் அகலம். பிளேட்டுகள் ஏறி இறங்கும் கைடு ராடு, பக்கத் தகடு எல்லாம் உள்ளே வரும். பார்வைப் பகுதியைக் குறுக்கினாலும் 15 டிகிரிக்குக் கீழே போகாது. பிழை 20 மி.மீ. வரை வரலாம், பிளேட்டின் கனமே பெரும்பாலும் 25 மி.மீ.தான். பக்கத்து பிளேட்டோடு குழம்பும். தவிர, ஜிம்மில் முதலில் தொலைவது பின். அடுத்த நாள் ஸ்க்ரூடிரைவரைச் செருகி ஓட்டுவார்கள்.

எடையை அடியில் அளந்துகொள்ளுங்கள். ஸ்டாக் உட்காரும் ரப்பருக்குக் கீழே நான்கு லோடு செல் (எடை சென்சார்). மேலே போன பிளேட்டுகளின் எடை அடியில் குறையும். ரெப் தொடங்குமுன் இருந்த அளவிலிருந்து கழித்தால் போதும். ஆள் வெடுக்கென்று இழுத்தாலும் கணக்கு மாறாது, ஏனென்றால் அடியில் மீதியிருக்கும் பிளேட்டுகள் அசைவதில்லை. கேபிளுக்கு நடுவே இழுவிசையை அளக்கும் எஸ் டைப் செல் வைத்தால் முடுக்கமும் சேர்ந்து வரும். அது உடைந்தால் ஆள் மேலேயே விழும். அடியில் வைத்தது உடைந்தால் எண் மட்டும் தப்பாகும்.

குளியலறைத் தராசின் 50 கிலோ செல் வேண்டாம். ஸ்டாக்கைத் தொப்பென்று விடும் அடியில் நிரந்தரமாக வளையும். 100 கிலோ ஸ்டாக்குக்குத் தலா 200 கிலோ செல் போடுங்கள், ரப்பரையும் எடுக்காதீர்கள். செல்லின் உயரத்துக்கு ஸ்டாக் எழும்பிவிடும், கேபிள் தொய்யும். டாப் பிளேட்டில் இருக்கும் போல்ட்டில் அதே அளவு இழுத்துக் கட்டி, லாக் நட் போடவேண்டும். செல்லின் சிக்னலை எண்ணாக்கும் மலிவான எச்எக்ஸ்711 போர்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 10 முறை அளக்கும்படி வரும். சிப்பில் இருக்கும் ரேட் என்ற பின்னை ஹை ஆக்கினால் 80.

வேகத்தை அளக்க, கேபிள் ஓடும் புல்லி. நட்ட நடுவில் காந்தம் வைக்க முடியாது, போல்ட் நிற்கும், புல்லி மட்டுமே சுழலும். பக்கவாட்டில் 16 காந்தம், எல்லாம் ஒரே துருவம் வெளியே பார்க்க ஒட்டி, காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இரண்டை, காந்தங்களுக்கு இடையிலான தூரத்தில் கால் பங்கு தள்ளி வையுங்கள். பள்ளத்தின் விட்டம் 100 மி.மீ. என்றால் ஒரு எண்ணிக்கைக்கு 5 மி.மீ. கேபிள் வழுக்கும், ஸ்டாக் அடியில் உட்காரும் ஒவ்வொரு முறையும் பூஜ்யமாக்குங்கள்.

திரையில் பிளேட்டில் எழுதியிருக்கும் எண்ணையே காட்டுங்கள். 2:1 புல்லியில் கைக்கு வருவது பாதி என்று விளக்கப் போனால் சண்டைதான் மிஞ்சும்.

கணக்கு_வழக்கு:
யார் காசு கொடுப்பார்கள்? உறுப்பினருக்கு கிராஃப் காட்டுவதற்கு ஓனர் மாதச் சந்தா கட்டமாட்டார். கேபிள் எத்தனை முறை ஓடியது, எந்த மெஷின் சும்மா நிற்கிறது என்பதற்குக் கட்டுவார். கேபிள் அறுவது பெரும்பாலும் முனையில் கிரிம்ப் செய்த (நசுக்கி இறுக்கிய) இடத்தில். அறுந்த பிறகு மாற்றுவதும் முன்னமே மாற்றுவதும் அவருக்கு ஒன்றல்ல.

விலையில் ஒரு சிக்கல். ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18லிருந்து 5 சதவீதம் ஆனது, ஆனால் இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. நீங்கள் போடும் சந்தாவின் 18 சதவீதம் அவருக்கு முழுச் செலவு. வரியோடு சேர்த்தே விலை சொல்லுங்கள். வயர்லெஸ் ரேடியோவுக்கு ஏற்கெனவே இடிஏ (அரசின் வயர்லெஸ் கருவி ஒப்புதல்) வாங்கிய மாட்யூலையே போடுங்கள்.

பட்டறை_641:
தெளிவு, நன்றி. ஒரு மெஷினில் இரண்டு பேர் மாற்றி மாற்றி செட் போட்டால் யாருடைய கணக்கு?

லோடுசெல்:
புளூடூத் அருகாமையை நம்பினால் பக்கத்து மெஷின்காரர் பெயரில் ஏறும். சீட்டுக்குப் பக்கத்தில் போனால் தொட்டுப் படிக்கும் என்எஃப்சி ஸ்டிக்கர் ஒட்டி, போனைத் தொட்டவர் பெயரில் அடுத்த ஒரு செட் மட்டும் ஏற்றுங்கள். தொடாத செட் பெயரில்லாமல் போகட்டும். கேபிள் கணக்குக்கு அதுவும் உதவும். ஸ்டிக்கரை இரும்பின் மேல் நேரே ஒட்டினால் படிக்காது, இரும்பின் பாதிப்பைத் தடுக்கும் ஃபெரைட் அடித்தாள் உள்ளதாக வாங்குங்கள்.